இடிமழை நேரம் வீட்டில் என்ன பிழை? வன்னி வீடுகளுக்கு, அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஐப்பசி பிறந்து பத்து நாளில் எனக்குத் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். பரந்தனில் இருந்து ஒருவர், விசுவமடுவில் இருந்து ஒருவர், "தம்பி, முழங்கினவுடன கரண்ட் போட்டுது, பக்கத்து வீட்டில நிக்குது, என்ன செய்யிறது?" என்று. நான் வயறிங் வேலை செய்கிறவன். அழைப்பு வரும்போது முழக்கம் இன்னும் ஓய்ந்திருக்காது. கேட்கிறவர் மீற்றர் பெட்டிக்கு முன்னால் ஈரக்காலோடு நின்றுகொண்டு கேட்பார். அந்த நேரத்தில் நான் சொல்லுகிற முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "பெட்டியை விட்டிட்டு உள்ளுக்கு வாங்கோ."

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில், இரண்டு முழக்கக் காலம். சித்திரைச் சிறுமாரி ஒன்று, ஐப்பசி கார்த்திகை மற்றது. காலையில் வெயில் கொளுத்தும், மத்தியானம் திரும்பக் கறுக்கும், பின்னேரம் இடிக்கும். மார்கழியில் வாடை நிலைத்த பிறகு மழை விடாமல் பெய்தாலும் முழக்கம் குறைந்துவிடும். ஆகவே இடியால் வரும் பிழையும் தண்ணீரால் வரும் பிழையும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஐப்பசியில் மின்னலைப் பாருங்கள், மார்கழியில் குளத்தைப் பாருங்கள். நடுவில் கார்த்திகையில் மட்டும் இரண்டும் சேர்ந்து வரும்.

உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அதைக் கீழே தேடிப் படியுங்கள். ஒழுங்காகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் முதலாவதை எல்லோரும் படியுங்கள்.

அறிகுறி: மின்னுது, முழக்கம் பிந்திக் கேக்குது

மின்னல் கண்டவுடன் எண்ணத் தொடங்குங்கள். ஆயிரத்தி ஒண்டு, ஆயிரத்தி ரெண்டு, ஆயிரத்தி மூண்டு என்று எண்ணினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு செக்கன். வெளிச்சம் அந்தக் கணமே வந்துவிடும். சத்தம் ஒரு செக்கனில் 340 மீற்றர்தான் ஓடும். அதனால் மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். ஒன்பது வரைக்கும் எண்ணினீர்கள் என்றால் மின்னல் மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் விழுந்திருக்கிறது.

முப்பது எண்ணுவதற்குள் முழக்கம் கேட்டால், அதாவது பத்துக் கிலோமீற்றருக்குள் என்றால், வெளியில் இருக்கிற ஆள் உள்ளே வரவேண்டிய நேரம். "இஞ்ச இன்னும் மழையே துமிக்கேல்லை" என்று வயலில் நிற்கிறவர்கள் சொல்வார்கள். மின்னல் மழைக்காகக் காத்திருக்காது. முகில் முரசுமோட்டையில் நிற்க, மின்னல் கண்டாவளையில் வெயிலுக்குள் விழலாம். காலபோக விதைப்பும் பசளை போடுகிறதும் இந்த முழக்கக் காலத்தில்தான் வருகிறது. திறந்த வெளியில், வரம்பில், தோளில் மண்வெட்டியோடு நிமிர்ந்து நிற்கிற ஆள்தான் அந்த வெளியிலேயே உயரமான பொருள்.

எங்கே போவது? சுவரும் கூரையும் உள்ள கல்வீடு, பள்ளிக்கூடம், கண்ணாடி ஏற்றிய வான், பஸ். காவல் கொட்டில், மாட்டுக்கொட்டில், மரத்தடி, பஸ் தரிப்பிடப் பந்தல் ஆகியவை மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்கா. உழவு மெசினும் மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். முள்ளுக்கம்பி வேலிக்கும் யானைக்குப் போட்ட மின்வேலிக்கும் கிட்டப் போகக் கூடாது. எங்கோ விழுந்த மின்னலை அந்தக் கம்பி உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும். மாடுகள் கம்பி வேலி ஓரமாய் வரிசையாகச் செத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

கடைசி முழக்கம் கேட்டு முப்பது நிமிடம் கழியும் வரைக்கும் வெளியே போகாதீர்கள். மழை விட்டதும் ஓடிப்போய் மாட்டை அவிழ்க்கிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. முகில் போகும்போது வாலால் அடிக்கும் என்று என் அப்பா சொல்லுவார். அது சரியான பேச்சு.

அறிகுறி: மின்னலும் முழக்கமும் ஒண்டாய் வருது, வீடு அதிருது

எண்ணத் தொடங்கும் முன்னமே "படார்" என்று வெடித்தால் மின்னல் சில நூறு மீற்றருக்குள் விழுந்திருக்கிறது. தூரத்து முழக்கம் உருண்டு உருண்டு நீளும். ஏனென்றால் மின்னல் ஓடிய பாதை கிலோமீற்றர் கணக்கில் நீளமானது, அதன் ஒவ்வொரு துண்டில் இருந்தும் சத்தம் வேறு வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. கிட்ட விழுந்தது ஒரே வெடியாய்க் கேட்கும்.

இந்த நேரத்தில் எதையும் கழற்ற வேண்டாம், எதையும் திருத்த வேண்டாம். பிளக் கழற்ற வேண்டிய நேரம் கறுக்கத் தொடங்கும்போது. தலைக்கு மேல் முழங்கும்போது பிளக்கைப் பிடிக்கப் போவது, ரீவியைக் காப்பாற்றப் போய் உங்களைக் கொடுப்பது. அறையின் நடுப்பக்கம் இருங்கள். யன்னல் கம்பியைப் பிடிக்காதீர்கள், கொங்கிறீற் தூணில் சாயாதீர்கள், உள்ளே கம்பி ஓடுகிறது. குழாயில் கை கழுவ வேண்டாம், கிணற்றடியில் குளிப்பும் வேண்டாம், கைபம்பி அடிக்கவும் வேண்டாம். சார்ஜரில் கொழுவாத கைபேசியில் கதைக்கலாம், அதால் ஆபத்து இல்லை. சார்ஜரில் கொழுவியபடி கதைக்கக் கூடாது.

"அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லுங்கள் என்று ஆச்சிமார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லட்டும். பிள்ளைக்கு ஒரு பிடி கிடைக்கும். ஆனால் அறையின் நடுவில் இருந்தபடி சொல்லட்டும்.

அறிகுறி: முழக்கத்துக்கு நெஞ்சு பதறுது, ஆக்கள் நிலத்தில படுக்கினம்

இதை வயறிங் காரன் எழுதவேண்டுமோ என்று கேட்கலாம். வன்னியில் இடிமழை நேரம் வீட்டுக்குள் வருகிற பிழைகளில் அதிகம் வருவது இதுதான். நான் போகிற வீடுகளில் இரண்டுக்கு ஒன்றில் யாரோ ஒருவருக்கு இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

2008 கார்த்திகையில், போர் நடந்துகொண்டிருந்த நேரம், நிஷா புயல் மழை கொட்டியபோது நாங்கள் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். பங்கருக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டது. மேலே முழங்குவது வானமா எறிகணையா என்று தெரியாமல், இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்குவதா வெளியில் நனைவதா என்று அம்மா எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு நின்றா. இன்றைக்கும் பின்னேரம் இருண்டு முதல் முழக்கம் கேட்டால் அம்மா கதிரையில் இருந்து நிலத்துக்கு வந்துவிடுவா. போருக்குப் பிறகு பிறந்த சின்னப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. அப்பம்மா விளையாடுகிறா என்று நினைத்துச் சிரிக்கும். சிரிக்க விடாதீர்கள், பக்கத்தில் போய் இருக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் உதவியது அந்த எண்ணல்தான். எறிகணை என்றால் முதலில் தூரத்தில் குத்துகிற சத்தம், பிறகு கூவல், பிறகு விழுகை. அங்கே முதற்சத்தம் எச்சரிக்கை, ஆபத்து பின்னுக்கு வரும். உடம்பு அந்த ஒழுங்கைத்தான் பழகி வைத்திருக்கிறது. அதனால் சத்தம் கேட்டவுடன் "இனி வரப்போகுது" என்று குப்புற விழுகிறது. மின்னலில் ஒழுங்கு தலைகீழ். ஆபத்து வெளிச்சத்தோடு வந்து முடிந்துவிடுகிறது, சத்தம் பின்னால் வருகிறது. முழக்கம் உங்கள் காதில் விழுந்துவிட்டது என்றால் அந்த மின்னல் உங்களை விட்டுப் போய்விட்டது.

இதை நான் அம்மாவுக்குச் சொன்னது ஒரு நாளில் இல்லை. மூன்று மாரி எடுத்தது. முழங்கும்போது சொல்லி வேலையில்லை, அந்த நேரம் ஒன்றும் ஏறாது. மழை இல்லாத நாளில் சொல்லுங்கள். முழங்கத் தொடங்கியதும் விளக்கம் சொல்லாமல் சத்தமாய் எண்ணுங்கள், அவர்களும் சேர்ந்து எண்ணட்டும். வெளிச்சம் உள்ளே பளிச்சிடாமல் யன்னல் சீலையை இழுத்துவிடுங்கள், அறையில் ஒரு விளக்கு எரியட்டும். இருட்டுக்குள் மின்னுவதுதான் கூடப் பயம். கைபிடிக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், "ஒண்டுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்களுக்கு அது ஒன்றுமில்லாததல்ல.

மழை விட்டு நாட்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, தனக்குத்தானே கதைக்கிறார் என்றால் வீட்டு மருந்து போதாது. மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அடிக்கலாம். போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாங்களும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம்.

அறிகுறி: ரிப் சுவிற்ச் விழுந்திட்டுது, தூக்கினால் நிக்குதில்லை

முழக்கம் ஓய்ந்து அரை மணித்தியாலம் ஆன பிறகு பாருங்கள். காலில் காய்ந்த ரப்பர் செருப்பு, கை காய்ந்திருக்க வேண்டும், கையில் ரோச்.

ரிப் சுவிற்ச் செய்கிற வேலை எளிது. வீட்டுக்குள் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சரிசமமா என்று பார்க்கும். எங்காவது நிலத்துக்குக் கசிந்தால், வீடுகளில் வழக்கமாய் 30 மில்லிஅம்பியர் வித்தியாசத்துக்கே விழுந்துவிடும். அது விழுந்தது பிழையல்ல. அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. குச்சி வைத்துத் தூக்கிக் கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். செய்யாதீர்கள், உயிர் போகும்.

முதலில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நின்றால் மின்னல் அதிர்வுக்கு விழுந்தது, வேலை முடிந்தது. நிற்கவில்லை என்றால் கீழே உள்ள சின்னப் பிரேக்கர்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ரிப் சுவிற்சைத் தூக்குங்கள். நின்றால் சின்னவற்றை ஒவ்வொன்றாய் ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரியில்தான் கசிவு. அதை இறக்கி விட்டு மற்றதைப் பாவியுங்கள்.

எல்லாவற்றையும் இறக்கியும் நிற்கவில்லை என்றால் பலர் ரிப் சுவிற்ச் பழுது என்று புதிதாய் ஒன்று வாங்கி வந்துவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். சின்னப் பிரேக்கர் பெரும்பாலும் ஒரு வயரை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் வயர் இணைந்தபடியே இருக்கும். நியூட்ரலில் ஈரம் பட்டு நிலத்துக்குக் கசிந்தாலும் ரிப் நிற்காது. அதனால் வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். ஃபிரிட்ஜ், தண்ணி மோட்டர், அயன்பெட்டி, பின்பக்கத்தில் மறந்துபோன எக்ஸ்ரென்சன் கோட், எல்லாம். பிறகு தூக்குங்கள்.

என் அனுபவத்தில் பத்தில் ஏழு வீட்டில் குற்றவாளி வெளியில்தான் இருக்கும். கிணற்றடி மோட்டர், படலையடி லைற், வெளிச்சுவர் ஹோல்டர். மோட்டருக்கு மேல் ஒரு பழைய தகரம் போட்டிருப்பார்கள், சாரல் பக்கவாட்டில் அடிக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். வெயில் கண்டு ஒரு நாள் காய்ந்த பிறகு நின்றுவிட்டால் ஈரம்தான் காரணம். காய்ந்தும் நிற்கவில்லை என்றால் வயறிங் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

ஒரு விசயம் தெளிவாய் இருக்கட்டும். ரிப் சுவிற்ச் மின்னலைத் தடுக்காது. ஏர்த் கம்பி நல்லாய் இருந்தால்தான் பாதி பாதுகாப்பு. மீற்றருக்குக் கீழே நிலத்துக்குள் போகிற அந்தப் பச்சை வயரை இன்றைக்கே போய்ப் பாருங்கள். மண்வெட்டி பட்டு அறுந்து, ஆடு கட்டி இழுபட்டுக் கழன்று கிடக்கிற வீடுகள் ஏராளம். கடற்கரைப் பக்க மணல் நிலத்தில் கம்பி ஆழம் போதாது என்றால் கோடையில் ஏர்த் இருந்தும் இல்லாதது போலத்தான்.

அறிகுறி: லைற் மங்கி மங்கிப் பளிச்செண்டு எரியுது

உடனே மெயின் சுவிற்சை நிற்பாட்டுங்கள். காரணம் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். காற்றுக்கு வீதியில் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். அப்படி என்றால் 230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி வரும். ஃபிரிட்ஜ், காற்றாடி எல்லாம் நிமிடக்கணக்கில் எரிந்துவிடும். மின்சார சபைக்கு 1987. வீதியில் கம்பி அறுந்து தண்ணீருக்குள் கிடந்தால் அந்தத் தண்ணீருக்குள் ஒருவரும் கால் வைக்காமல் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் அந்தக் கம்பியைத் தொடக் கூடாது. யாரோ ஒரு வீட்டில் ஜெனரேற்றர் ஓடினால் திரும்பி வரும்.

அறிகுறி: ரவுட்டர் செத்துப்போச்சு, ரீவி எரியுதில்லை

முதலில் அடப்டரை மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு ரவுட்டர் உயிரோடுதான் இருக்கும், அடப்டர்தான் போயிருக்கும். மின்னல் உங்கள் வீட்டில் விழ வேண்டும் என்றில்லை. ஒரு கிலோமீற்றர் தள்ளி வீதிக் கம்பியில் விழுந்தாலே போதும், அதிர்வு வயர் வழி வந்துவிடும். அதோடு கரண்ட் வயர் மட்டும் வழியில்லை. டிஷ் அன்ரனா வயர், பழைய செப்புத் தொலைபேசி வயர் இரண்டும் வழி. பிளக்கைக் கழற்றிவிட்டு டிஷ் வயரைக் கொழுவியபடி விட்டு ரீவியைப் பறிகொடுத்தவர்கள் கனபேர். கறுக்கும்போது இரண்டையும் கழற்றுங்கள். கண்ணாடி இழை இணைப்பு என்றால் அந்த இழை வழி வராது, அடப்டர் வழி வரும்.

அறிகுறி: கூரை ஒழுகுது

வீட்டுத்திட்ட வீடு ஒன்று 550 சதுர அடி, ஏறத்தாழ 50 சதுர மீற்றர். வளிமண்டலவியல் திணைக்களம் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று அறிவித்தால், அந்த ஒரு கூரையில் மட்டும் 5,000 லீற்றர் தண்ணீர் விழப்போகிறது என்று அர்த்தம். கூரையில் ஒரு சின்ன வழி இருந்தாலும் அது கண்டுபிடிக்கும்.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் ஓட்டுக்குக் கீழால் சிலாகையில் ஏறி, கைமரத்தில் ஓடி, பத்தடி தள்ளி வந்து சொட்டும். எப்போது ஒழுகுகிறது என்று பாருங்கள். மழை தொடங்கிய உடனே ஒழுகினால் ஓடு உடைந்திருக்கிறது அல்லது விலகியிருக்கிறது. காட்டோர ஊர்களில் அது பெரும்பாலும் குரங்கின் வேலை. காற்றடிக்கும்போது மட்டும் ஒழுகினால் முகட்டு ஓட்டுப் பூச்சு வெடித்திருக்கிறது. ஒரு மணித்தியாலம் கொட்டிய பிறகுதான் ஒழுகுகிறது என்றால் பீலி சருகு அடைத்துத் தண்ணீர் திரும்பிச் சுவருக்குள் இறங்குகிறது. தகரக் கூரையில் ஆணியைச் சுற்றிச் சொட்டினால் வாசர் காய்ந்து இறுகிப் போய்விட்டது.

மழைக்குள் ஏறாதீர்கள். நனைந்த சீற்றில் கால் வைத்தால் சீற்றோடு கீழே வருவீர்கள். உள்ளே இருந்து வாளி வையுங்கள், சொட்டும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி வாளிக்குள் தொங்கவிட்டால் தெறிக்காது, சத்தமும் வராது. கரிக்கட்டியால் அந்த இடத்தை அடையாளம் போட்டுவைத்தால் வெயில் கண்டபிறகு தேட வேண்டியதில்லை.

லைற் ஹோல்டர் வழியாகவோ காற்றாடி கொழுக்கி வழியாகவோ சொட்டினால் அது கூரைப் பிரச்சினை இல்லை, கரண்ட் பிரச்சினை. மெயினை நிற்பாட்டுங்கள்.

அறிகுறி: முற்றத்தில தண்ணி ஏறுது

தண்ணீரின் நிறத்தையும் வருகிற திசையையும் பாருங்கள். தெளிந்த தண்ணீர் மெதுவாய்த் தேங்கினால் உங்கள் காணி மழை. வாய்க்காலை வெட்டிவிட்டால் இறங்கும், மதகுக்குள் அடைத்த பொலித்தீனை இழுத்தாலே பாதி போகும். செம்மண் நிறத்தில் ஓட்டத்தோடு, சல்வீனியா என்ற மிதக்கும் களையோ வைக்கோலோ கொண்டு வந்தால் மேலே ஏதோ ஒரு குளம் நிரம்பி வான் பாய்கிறது அல்லது கட்டு உடைந்திருக்கிறது. அதற்கு மண்வெட்டி உதவாது. ஆக்களை மேட்டுக்குக் கொண்டுபோங்கள்.

கிளிநொச்சியின் இரணைமடு 36 அடி தண்ணீர் பிடிக்கிற குளம். அது நிரம்பி வான்கதவு திறந்தால் கனகராயன் ஆறு வழியாகச் சுண்டிக்குளம் கடல்நீரேரிப் பக்கம் போகும் தண்ணீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை வழியாகத்தான் போகவேண்டும். 2018 டிசம்பர் கடைசியில் அந்த ஊர்களில் ஆக்கள் இருட்டுக்குள் எழும்பி ஓடினார்கள். அதனால் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறவர்கள் தங்கள் முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, குளத்து நீர்மட்டத்தை விசாரிக்க வேண்டும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்புக்குக் கீழே இருப்பவர்களுக்கும் இதே கதை. கிராம சேவையாளரின் இலக்கம் கைபேசியில் இருக்கட்டும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

மன்னார்ப் பக்கத்தில் இன்னொரு சிக்கல். அருவியாறு அனுராதபுரம் பக்கத்து மழையைக் கொண்டுவரும். மடுவில் வானம் வெளித்திருக்கும், ஆறு ஏறிக்கொண்டிருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நேரம் அதைக் கண்டோம். தெற்கே மழை எப்படி என்று கேட்டுத்தான் வயலில் படுக்க வேண்டும்.

வீட்டை விட்டுப் போக வேண்டி வந்தால் மெயினை இறக்கி, காஸ் சிலிண்டரைப் பூட்டி, அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி எடுங்கள். எத்தனையோ முறை இடம்பெயர்ந்த எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மாடு கன்றை அவிழ்த்துவிட மறந்துவிடாதீர்கள். கட்டி விட்டால் கட்டின இடத்திலேயே மூழ்கும். ஓடுகிற தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் நடந்து கடக்கப் பார்க்காதீர்கள். முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போனால் திரும்பிவிடுங்கள், பாலம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி: பாம்பு வீட்டுக்குள்ள

புற்றும் வங்கும் தண்ணீரானால் அதுவும் மேட்டைத்தான் தேடும், உங்கள் வீடுதான் மேடு. நிலத்தில் படுக்காதீர்கள். படுக்க வேண்டி வந்தால் நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே நன்றாய்ச் செருகுங்கள். கட்டுவிரியன் இரவில் நித்திரையில் கடிக்கும், வலி தெரியாது, காயமும் பெரிதாய்த் தெரியாது. விடிய வயிற்றுநோவு, கண்ணிமை விழுகிறது, நாக்குத் தடிக்கிறது என்றால் சாப்பாட்டுக் கோளாறு என்று இருந்துவிடாமல் ஓடுங்கள். எங்கள் பரியாரிமாரில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விசமுறிவு ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. கடித்த இடத்தைக் கீறவும் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், ஆளை நடக்கவிடாமல் கொண்டுபோங்கள்.

அறிகுறி: ஆளுக்கு மின்னல் அடிச்சிட்டுது

தொடலாம். அடிபட்டவர் உடம்பில் கரண்ட் நிற்காது. தொடப் பயந்து சுற்றி நின்றதால் போன உயிர்கள் உண்டு. கூப்பிட்டுப் பாருங்கள், மூச்சு இல்லை என்றால் 1990 அம்புலன்சுக்கு ஒருவர் அடிக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து ஐந்து சென்ரிமீற்றர் இறங்க, நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல் அழுத்துங்கள். நிறுத்த வேண்டாம். மின்னல் பலருக்கு இதயத்தையும் மூச்சையும் நிறுத்துகிறதே ஒழிய உடம்பைச் சிதைப்பதில்லை. அதனால் அழுத்திக்கொண்டே இருந்தால் திரும்பி வர இடமுண்டு. பல பேருக்கு ஒரே நேரத்தில் அடித்திருந்தால் முனகுகிறவரை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கிடக்கிறவரிடம் முதலில் போங்கள். பிறகு எழும்பி நடந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அறிகுறி: மழை விட்டிட்டுது, கிணத்துத் தண்ணி கலங்கிக் கிடக்கு

வெள்ளம் கிணற்றுக்குள் போயிருந்தால் குடிக்க வேண்டாம். இறைத்து, குளோரின் போட்டுத்தான் பாவிக்கலாம். அளவு கிணற்றின் தண்ணீரைப் பொறுத்தது, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், அவர்களே வந்து போடுவதும் உண்டு. அதுவரை கொதித்தாறிய தண்ணீர். வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள். வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்கக் கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது.

அறிகுறி: மண் அரிச்ச இடத்தில இரும்பு தெரியுது

இதை வேறு மாவட்டத்து வழிமுறைகளில் காணமாட்டீர்கள். வாய்க்கால் கரை, குளக்கட்டுச் சரிவு, பழைய பங்கர் குழி, வேலியோரம், இங்கெல்லாம் வெள்ளம் ஒரு அடி மண்ணைக் கழுவிக்கொண்டு போனால் போர்க்காலத்தில் புதைந்து கிடந்த கண்ணிவெடியும் வெடிக்காத குண்டும் மேலே வரும். துப்புரவாக்கி முடித்த காணிக்கும் வெள்ளம் வேறு இடத்துப் பொருளைக் கொண்டுவந்து போட்டுவிடும். சேறு படிந்த போத்தல் மூடி மாதிரி இருக்கும், துருப்பிடித்த குழாய்த் துண்டு மாதிரி இருக்கும், பச்சைப் பிளாஸ்ரிக் டப்பா மாதிரியும் இருக்கும்.

தட்டிப் பார்க்காதீர்கள், தடி போட்டுப் புரட்டாதீர்கள், பழைய இரும்புக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். வந்த காலடியிலேயே திரும்பிப் போங்கள். தூரத்தில் நின்று, எல்லோரும் காணக்கூடிய மாதிரி ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். 119க்கோ கிராம சேவையாளருக்கோ இடத்தைச் சொல்லுங்கள், கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வருவார்கள். வர ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை. அதுவரைக்கும் வீட்டுப் பெரியாள் ஒருவர் அந்தப் பாதையடியில் கதிரை போட்டு இருக்கட்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரத்தில் கட்டாயம்.